இடது பிடித்தால் வலது

கியர்பெட்டி கழற்றி
கிளிநொச்சிக் கராஜில் கிடக்கிறது லொறி.
ஒன்பது நாள் என்றான் மெக்கானிக்.
வீட்டிலிருந்தால் சீட்டுக்காரி வருவாள்.
புத்தூரில் வதனிக்குக் கால் முறிந்திருந்தது,
அவளுடைய லான்ட்மாஸ்ரருக்கு ஆள் தேவை.
போனேன்.

பதினெட்டு வருடம் ஏ ஒன்பதில் ஓடினவன் நான்.
முறிகண்டியில் ஒரு தேங்காய்,
மதவாச்சியில் ஒரு பிளேன்ரீ,
தம்புள்ளையில் விடியும்.
படங்கு இழுத்துக் கட்டித் தருவார்கள்,
நான் படங்கைக் கொண்டுபோவேன்.
உள்ளே வெங்காயமா சீமெந்தா,
துண்டில் எழுதியதுதான் எனக்குத் தெரியும்.
வழியில் யாரையும் தெரியாது,
பொலிஸ்காரரைத் தவிர.

இது நாலரைக் கிலோமீற்றர்,
தோட்டத்திலிருந்து அச்சுவேலிச் சந்தைக்கு.
அதற்குள் ஏழு பேர் மறித்தார்கள்.
ஒருவருக்கு விலை தெரியவேண்டும்.
ஒருவர் காற்றுப்போன சைக்கிளை
பீற்றூட்டின் மேல் தூக்கிப் போட்டார்.
ஒரு பெடியன் கேட்காமலே பின்னால் தொங்கினான்,
பள்ளிக்கூட வாசலில் கேட்காமலே குதித்தான்.
"வதனியின்ர மிசின் எல்லோ,
நீர் ஆர்?"

படங்கு இல்லை.
மூடாத பெட்டியில்
யாருடைய தோட்டம், எந்த வரம்பு,
எத்தனை கிழங்கு வெடித்துப்போனது
எல்லாம் ஊர் பார்க்கப் போகிறது.

காலை நீட்டி வாசலில் இருந்தபடி
வதனி சொல்லித்தான் விட்டாள்:
"அண்ணை, மதகடியில கவனம்.
இறக்கத்தில சுமை தள்ளும்.
தள்ளேக்க இடது பிடிச்சா வலது போகும்,
வலது பிடிச்சா இடது."
நான் சிரித்தேன்.
பத்துச் சில்லு ஓட்டுகிறவனுக்கு
இரண்டு சில்லு.

மூன்றாம் நாள்.
மதகு என்றால் ஒரு முழம் இறக்கம்,
லொறியில் தெரிந்தே இருக்காது.
பின்னாலிருந்து எண்ணூறு கிலோ
முதுகில் கை வைத்தது.
இடது பிடித்தேன்.

றொபின்சனின் மிளகாய்த் தோட்டம்
வலப்பக்கம் இருந்தது.

ஓடி வந்தவன் ஏசவில்லை.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
குந்தியிருந்து எண்ணினான்.
நிமிர்த்தினால் நிற்கும் என்று நான் காட்டியதை
ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேரைக் காட்டினான்.
இருபத்திமூன்று கன்று.
சிகரெட் மட்டையின் உட்பக்கத்தில்
தேதி போட்டு எழுதி
என் சேட்டுப் பைக்குள் வைத்துவிட்டு
மிசினைத் தள்ளித் தந்தான்.

கலாவெவப் பக்கம் ஒருமுறை
ஒரு வேலியை இடித்திருக்கிறேன்.
இரவு. நிற்கவில்லை.
அந்த வேலிக்குப் பின்னால் என்ன நின்றது என்று
இன்றுவரை தெரியாது,
திரும்பி வரும்போது
எந்த வளைவென்றும் மறந்துவிட்டது.

மிளகாய்த் தோட்டத்தை மறக்க வழியில்லை.
நாலாம் நாள் அந்தத் தடத்தால் போனேன்.
ஐந்தாம் நாள் போய் வந்தேன்.
ஆறாம் நாள் தண்ணீர் விட்டிருந்தான்,
செம்பாட்டு மண்ணில் ரயர்ப் பூ
அச்சுப் பிசகாமல் நின்றது.
"என்ன, சாப்பிட்டாச்சோ" என்று
தோட்டத்துக்குள்ளிருந்து கேட்டான்.
பொலிஸ் பிடித்திருந்தால்
தண்டம் கட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஏழாம் நாள் மதகில்
கையை இரண்டிலிருந்தும் எடுத்து
வாயுவைக் குறைத்து
சுமையின் பாட்டுக்கு விட்டேன்.
நேராக இறங்கியது.
இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று வதனியைக் கேட்டேன்.
"சொன்னா ஆர் கேட்கிறது?"

ஒன்பது பன்னிரண்டாகி
லொறி வந்தது.
மாங்குளம் தாண்டி இருட்டில்
பாட்டுப் பெட்டியைத் தட்டும்போது போன் அடித்தது.

"அண்ணை, உங்கட சேட்டு
பெட்டிக்குள்ள கிடக்கு."

எறி, பழையது, என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தோய்க்கப் பையைப் பார்த்தன்," என்றாள்.
"கணக்கொண்டு கிடக்கு.
றொபின்சன் அண்ணையும் கேட்டவர்,
லொறிக்காரன் எப்ப வாறான் எண்டு.
கன்று வாங்கி வச்சிருக்கிறாராம்,
நட ஆள் வேணுமாம்."

முன்னால் எவனோ
ஹைபீமைக் குறைக்காமல் வந்தான்.
வெள்ளிக்கிழமை என்றேன்.