கீழே யாருமில்லை

நான்காம் மாடியில் ஒன்பது வருடம்
பூனைபோல நடந்தோம்.
நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துணி.
பந்து ஒன்று கைதவறினால்
கீழ்வீட்டு வியெஸ்வாவாவின் துடைப்பக்கட்டை
மூன்று தட்டு தட்டும்.

வார்சாவை விட்டு ஓட்வொட்ஸ்க் வந்தாயிற்று.
பைன் மரங்கள், தனி வீடு,
ரயிலுக்கு இருபது நிமிட நடை.
தரைக்கடியில் நிலவறை மட்டும்;
உருளைக்கிழங்குக்குக் காது கிடையாது.

'குதியுங்களேன்' என்கிறேன்.
யாக்னா இன்னும் குதிகாலைத் தூக்கியே நடக்கிறாள்.
டிமோன் இருமக்கூடத் தலையணை தேடுகிறான்.

நேற்றிரவு லெஷெக்
பூட்ஸைக் கழற்றாமல்
அறை அறையாகத் தடதடத்தார்.
பிறகு நின்று
தரைக்குக் காது கொடுத்தார்.

பாவமாக இருந்தது.
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
நிலவறைக்கு இறங்கினேன்.
மூன்று தட்டு.

மேலே சிரிப்பு,
ஓட்டம்,
ஏதோ ஒன்று உடையும் சத்தம்.