பத்துக்கு எத்தனை

திருத்துறைப்பூண்டி. நைட் டூட்டி.
ஊசி ட்ரேக்கு அடியில் என் பயிற்சி அட்டைகள்:
"நோயாளி கட்டு மாற்ற மறுக்கிறார்.
ஐந்து நிமிடத்தில் அவர் அச்சத்தைத் தணிக்கவும்."
ஆங்கிலத்தில்.

போன முறை பேச்சில் சி ப்ளஸ்.
பரிவு குரலில் தெரியணும் என்றார்
தஞ்சாவூர் கோச்சிங் சார்.
சீட்டைத் தள்ளி எடுத்த பணம்
அந்த ப்ளஸ்ஸோடு போயிற்று.

மார்க் ஷீட்டில்
ஒற்றை எழுத்தாய் எனக்கு முன்னால் நடக்கிற அப்பா
பாஸ்போர்ட்டில் முழுசாய்ப் பின்னால் வருகிறார்.
ஞா. அருள்செல்வியும்
அருள்செல்வி ஞானப்பிரகாசமும் ஒருத்திதான் என்று
மன்னார்குடி நோட்டரி முத்திரை குத்தினார்,
முந்நூறு ரூபாய்.
லண்டன்காரர்கள் இன்னும் நம்பவில்லை.

நாலாம் கட்டிலில் பக்கிரிசாமி,
புழுதி உழவில் ரொட்டவேட்டருக்குக்
கெண்டைக்காலைக் கொடுத்தவர்.
"வலி பத்துக்கு எத்தனைங்க?"
களத்தில் நிற்பவர்போல் கண்ணை மூடி அளந்தார்.
"முக்கா மரக்கா இருக்கும்மா."

முக்கால் என்றால் ஏழரை.
ஏழரையை யார் பேருக்கு எழுதுவது?
கேஸ் ஷீட்டில் ஏழு என்று போட்டேன்.

கட்டைத் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார்.
வேணாம்மா, காலையில பாத்துக்கலாம்.
அட்டையில் இருந்த வாக்கியங்கள்
வரிசையாக வந்து நின்றன,
ஒன்றுக்கும் தமிழ் தெரியவில்லை.

ஐந்து நிமிடம் நாற்பதாயிற்று.
மூத்த மகன் திருப்பூரில்.
மேட்டூர் திறந்து பன்னிரண்டு நாள்.
"முள்ளியாத்துல தண்ணி வந்துருச்சா, பாத்தியா?"
பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டேன் என்றேன்.

இருட்டு ஜன்னல் பக்கம் அவர் தலை திரும்பிய நேரம்
ஒட்டியிருந்த கடைசிச் சுற்றை
உரித்துவிட்டேன்.

அம்மாடி என்றார்.
எத்தனை என்று கேட்கவில்லை.