மூன்றாம் கேள்வி

கம்பஸிலிருந்து தபாலில் ஒரு படிவம் வந்தது.
மூன்றாம் கேள்வி:
'கற்ற துறையிலேயே தொழில் புரிகின்றீரா?
ஆம் / இல்லை. பொருந்தாததை வெட்டிவிடுக.'

திருமலை வீதியில், நஜ்மி ஹாட்வெயாரில்
நான் பெயின்ட் கலக்குகிறேன்.
மெஷின் இருக்கிறது. இலக்கத்தைத் தட்டினால்
குழாய்கள் சொட்டுக் கணக்குத் தவறாமல் துப்பும்.
மறுகா மூடியை அடித்து
குலுக்கியில் மூன்று நிமிடம்.
அதை யாரும் செய்வார்கள்.

என் வேலை,
ஆரையம்பதியிலிருந்து ஒருவர்
கதவுச் சீவல் ஒன்றைப் பேப்பரில் சுற்றிவந்து
"இதே பச்சைதான் வேணும் பிள்ள" என்று நிற்கும்போது தொடங்குகிறது.
மெஷின் மூன்று பச்சை காட்டும்.
மூன்றும் பொய்.
சீவலை வாசலுக்குக் கொண்டுபோய்
வெயிலில் ஒருக்கா, நிழலில் ஒருக்கா பார்ப்பேன்.
மஞ்சள் செத்து, நீலம் மட்டும் மிஞ்சிய பச்சை அது.
ஒரு துளி காவி விட்டு
விரலால் தொட்டு மூடியில் இழுத்துக் காயவைப்பேன்.
ஈரத்தில் எந்த நிறத்தையும் நம்பக் கூடாது.
முதலாம் வருசம் அழுது படித்தது.

கல்லடியில்
கடலிரைச்சல் நுழைகிற நீள அறையில்
வெள்ளைத் துணியில் ஒரு முட்டை. ஆறு கிழமை.
கறுப்புத் தொடக் கூடாது.
நாலாம் கிழமை முட்டை மணக்கத் தொடங்கியது.
ஐந்தாம் கிழமைதான் கண்டேன்
நிழலுக்குள் ஊதா,
மேசையிலிருந்து மெல்ல ஏறும் செம்மண்.
அன்று பின்னேர பஸ்ஸில்
முன்சீட்டுக்காரரின் வெள்ளைக் கொலரைப் பார்த்தபடி இருந்து
இறங்கும் இடத்தை விட்டுவிட்டேன்.
கிரான்குளமும் தாண்டிவிட்டது.
வெள்ளை என்று ஒன்றை
அதற்குப் பிறகு நான் காணவில்லை.

பத்தொன்பது பேர் படித்தோம்.
கலாமதி வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிறாள்.
தயங்கிப் போட்ட கோட்டை
ஒரே பார்வையில் பிடித்துவிடுவாளாம்.
தூரிகை?
கேட்டால் பிள்ளையின் டியூசனைப் பற்றிப் பேசுவாள்.

நிப்றாஸ்தான் எங்களில் திறம்.
வாப்பாவின் சாரனை ஆறடிக் கன்வஸில்
உடுத்த ஆளில்லாமலே நடக்க வைத்தவன்.
போன மாதம் கடைக்கு வந்தான்,
பாதசாரிக் கடவைக்கு நாற்பது லீற்றர் மஞ்சள் வாங்க.
"இது எலுமிச்சை. தார் இதைத் தின்டுரும்" என்றான்.
நான் சிவப்பு விட்டேன். கூடிப்போச்சு என்றான்.
மூடி மூடியாய் இழுத்துப் பார்த்து
முக்கால் மணித்தியாலம் சண்டை.
"ரோட்டுக் கோடுதானே, என்னத்துக்குடா!" என்று ஹாஜியார் கத்தினார்.
நாங்கள் இருவரும்
ஒரே நேரம் திரும்பி அவரைப் பார்த்தோம்.
அவர் கல்குலேட்டருக்குப் போய்விட்டார்.

என் இறுதியாண்டுக் கன்வஸ்
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே செருகிக் கிடக்கிறது,
எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
பெரிதாய் வரைய இடமும் இல்லை, காசும் இல்லை.
காலாவதியான நிற அட்டைகளின் பின்பக்கம் இருக்கிறது,
இரண்டு விரல் அகலத்தில்.
பகல் சாப்பாட்டு நேரம்
வாளி விளிம்பில் வழிந்ததைத் தொட்டு
குலுக்கியின் நிழல், ஆணிப் பெட்டி,
ஹாஜியாரின் கண்ணாடிக்குள் கவிழ்ந்த வீதி.
எழுநூற்றுச் சொச்சம் சேர்ந்துவிட்டது.
நல்லது பதினைந்து தேறும்.
ஒன்று நிப்றாஸின் போன் கவருக்குள் இருக்கிறது.

படிவத்தில் 'ஆம்' என்பதை வெட்டினேன்.
வெட்டியதையும் வெட்டினேன்.
பிறகு அந்தக் கதவுப் பச்சையைச் சுண்டுவிரலில் எடுத்து
இரண்டு சொல்லுக்கும் மேலாக ஒரே இழுப்பு.
தபாலில் போட்டுவிட்டேன்.

நேற்று அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை பேசினா.
"மிஸ், மூணாங் கேள்வியில ஏதோ கறை பட்டிருக்கு.
விடை ஆமா, இல்லையா?"

"காய்ஞ்சிட்டா?" என்று கேட்டேன்.