பதினேழு ரூபாய் எழுபது காசு

உன் நாட்டுக்கு என்னை நம்ப
எட்டு லட்சம் வேண்டுமாம்.
செலவுக்கு இல்லை,
காட்ட.
அறுபது நாள் அசையாமல் கணக்கில் கிடந்து
ஊற வேண்டுமாம்.

ஊற வேண்டும் என்றுதான் சொன்னாள்
மண்ணடி மாடியில் ஏஜென்ட் பெண்.
நாரத்தங்காய் மாதிரியா என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"ஈரக்கை பட்டா கெட்டுடும் மேடம்,
அந்த வகையில அதேதான்."

ஸ்டான்லியில் முப்பத்தொரு வருஷ நைட் ஷிப்ட்
ஐந்து லட்சத்துப் பத்தாயிரமாக வந்தது.
சங்கிலி அடகுக்கடையில் ஒன்று நாற்பது.
அண்ணன் ஜெயசீலன் ஐம்பதாயிரம்,
முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.
மெஹருன்னிசா ஒரு லட்சம்,
ஒரு டீ வாங்கிக்கொண்டு.
கூட்டினால் உருண்டையாக எட்டு.
அந்த உருண்டை அழகாகத்தான் இருந்தது,
மேலே ஒரு ரூபாய்கூடப் போடத் தோன்றவில்லை.

பதிவாளர் அலுவலகத்தில் நாம் மாலை வாங்க மறந்ததும்
சாட்சிக்கு வந்த ஆட்டோக்காரர்
தன் வண்டி முன்னால் தொங்கிய சரத்தை
அவிழ்த்துக் கொடுத்ததும்
எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.
பணத்துக்கு மட்டும் நான்கு பக்கம்.

பன்னிரண்டாம் நாள் ஃபிரிட்ஜ் நின்றது.
இருபத்து மூன்றில் மழை,
வியாசர்பாடி சுரங்கப்பாதையில் ஸ்கூட்டி முழுகியது.
எட்டு லட்சத்துக்குச் சொந்தக்காரி
டிக்கெட் கேட்காத பேருந்தாகப் பார்த்து ஏறினேன்.
முப்பத்தெட்டில் மெஹருன்னிசா போன் செய்தாள்.
வஞ்சிரம் விலை பேசினாள்,
முழங்கால் வலி பேசினாள்,
மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட
வெள்ளிக்கிழமை கடைசி என்பதைப் பேசவில்லை.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
வைத்துவிட்டோம்.
அன்றிரவு தூங்காமல்
வார்டில் ட்ரிப்ஸ் எண்ணுவது போல நாள் எண்ணினேன்.
ஒரு சொட்டு, ஒரு சொட்டு.
காலையில் அவள் வளையலை
எங்கோ வைத்துக் கட்டிவிட்டாள் என்று கேள்வி.

ஐம்பத்திரண்டாம் நாள்
கைப்பேசி ஒருமுறை துடித்தது.
இத்தனை நாள் உன் இருப்பு இவ்வளவு என்று
வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளுக்குக் கட்டணம்:
பதினேழு ரூபாய் எழுபது காசு.
மீதி
ஏழு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு ரூபாய்
முப்பது காசு.

மேனேஜர் சின்னப் பையன், யுகேந்திரன்.
பதறிப்போய்ச் சட்டைப்பையில் கைவிட்டான்.
"இருபது ரூபாய் நானே போடுறேன் மேடம்."
இன்றைக்குப் போடலாம் தம்பி,
நேற்றைக்கு எந்தக் கவுன்ட்டரில் போடுவது?
ஏஜென்ட் பெண் மட்டும்
போனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்:
"மறுபடி."

அப்போதுதான், உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது,
எனக்கு லேசாகிவிட்டது.
இனி தொட்டாலும் கெடாது.
செலான் கேட்டேன்.
ஒரு லட்சத்து ஐயாயிரம் என்று எழுதினேன்.
ஐம்பத்திரண்டு நாளாகப் படமாக இருந்தது
கவுன்ட்டர் வழியே
பழைய நோட்டு நாற்றத்தோடு
பணமாக வெளியே வந்தது.

மெஹருன்னிசா எண்ணாமல் வாங்கி
அரிசி டப்பாவில் போட்டாள்.
அவள் மகளை அனுப்பி வளையலை மீட்டோம்.
காசிமேட்டில் பேரம் பேசாமல்
இரண்டு கிலோ வஞ்சிரம் வாங்கினேன்.
ஃபிரிட்ஜ் இல்லை அல்லவா,
மூன்று வீட்டுக்குக் கொடுத்தேன்.

நீ போனில் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, மீனை என்ன செய்தாய் என்று கேட்டாய்.
வறுத்தேன் என்றேன்.
தலையை என்று கேட்டாய்.
குழம்பு.
உன் பக்கத்தில் மழைச் சத்தம்,
என் பக்கத்தில் எதுவும் இல்லை.

இங்கே இன்னும் முதல் நாள்கூட ஆரம்பிக்கவில்லை.
மறுபடி ஒரு லட்சம் எங்கே என்று தெரியவில்லை.
கிடைத்தால் இந்த முறை
மேலே ஒரு ஐநூறு போட்டு வைப்பேன்.
எனக்கென்று நீ வாங்கிய கொசுவலையைப்
பிரித்துக் கட்டிவிடாதே.
மடித்தபடியே இருக்கட்டும்,
நடுவில் ஒருமுறை மட்டும்
வெயிலில் காட்டி எடு.