மாங்கூழ் பீப்பாய்

மூட்டையின் அடியில் விரல் நுழையும் அளவு ஓட்டை.
கோணி ஊசியால் தைத்தேன்.
மறுநாள் தையலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று,
என் தையலைக் குறை சொல்வது போல.

பதினொரு பெட்டை, ஒரு சேவல்.
ஐம்பது கிலோ தீவனம்
நாற்பது நாள் தாண்டும் என்பது கடைக்காரர் கணக்கு.
எனக்கு முப்பதில் முடிந்தது.
மீதிப் பத்து நாளைத் தின்றவர்கள்
சுவரோரம் வரிசையாகக்
கறுப்பாய்க் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

எலி பிஸ்கட் வை என்றாள் திம்மக்கா.
அதைத் தின்ற எலி எங்கே போய்ச் சாகும்?
என் கோழிகள் எதைக் கொத்தும் எதை விடும் என்று
எனக்குத்தான் தெரியும்:
பல்லி, பீடித்துண்டு,
ஒருமுறை என் கம்மலின் திருகு.
வேண்டாம் என்றேன்.

கருவாட்டுத் தலை மாட்டிப் பொறி வைத்தேன்.
முதல் நாள் மூஞ்சூறு.
இரண்டாம் நாளும் மூஞ்சூறு, அதேதானோ என்னவோ.
மூன்றாம் நாள் என் கட்டைவிரல்.

காவேரிப்பட்டணம் சந்தையில் பிளாஸ்டிக் டிரம் வாங்கினேன்.
நீல நிறம், மூடியோடு.
மூன்று ராத்திரியில்
அதற்கு ஒரு சன்னல் வைத்துவிட்டன.

மாங்கூழ் ஃபேக்டரியில் எனக்கு சீசன் வேலை.
வைகாசியில் தொடங்கி
பெல்ட்டில் வரும் பழத்தில்
அழுகலையும் நல்லதையும் பிரிக்கிற கை இது.
சூப்பர்வைசர் முனிரத்னத்திடம் நாலு நாள் நின்று கேட்டேன்.
விலா நசுங்கின இரும்புப் பீப்பாய் ஒன்று,
கூலியில் நானூறு பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள்.
இருநூறு லிட்டர். மூடிக்கு மேல் வளையம்,
வளையத்துக்குத் தாழ்.
என் தம்பி மாதேசு எக்ஸெல்லில் கட்டி ஓட்டிவர
கிருஷ்ணகிரி ரோட்டில் பார்த்தவர்கள் எல்லாம்
வீட்டில் விசேஷமா என்றார்களாம்.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன்.
பெங்களூரா மாம்பழத்தின் வாசனை போகவே இல்லை.
தீவனத்துக்கும் அது ஏறியது.
கோழிகள் ஒரு நாள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன,
பிறகு தின்றன.

ராத்திரி அந்தச் சத்தம்.
இரும்பில் நகம் ஏறி
வழுக்கி
ஏறி
வழுக்கி.
படுத்தபடியே சிரித்தேன்.
அதைக் கேட்டதற்கு மட்டும்
இன்னொரு நானூறு தரலாம்.

ஆடியில் ஓவர்டைம்.
இரண்டு ஷிப்ட் நின்ற காலோடு வந்து
இருட்டில் ஒரு படி அள்ளிப் போட்டு
யாரோ கூப்பிட்டதற்கு வாசல்வரை போய்த் திரும்பி
மூடியைச் சாத்தி, வளையத்தை இழுத்து, தாழைப் போட்டேன்.
எல்லாம் கை செய்தது.
நான் அங்கே இல்லை.

விடிந்து திறந்தால்
தீவனத்தின் நடுவில் குழி பறித்து
ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
ராத்திரி முழுக்கத் தின்ற வயிறு.
முன்னங்கால் இரண்டும் நெஞ்சில்.
என்னை ஏறிட்டுப் பார்த்தது,
வேலைக்காரி தாமதமாக வந்தது போல.

எங்கள் தெருவிலேயே எலி நுழைய முடியாத ஒரே இடத்தில்
அதை வைத்துத் தாழ் போட்டவள் நான்.

விளக்குமாற்றை எடுத்தேன், வைத்தேன்.
பீப்பாயைச் சாய்த்தேன்.
சேவல் இரண்டு அடி பின்னால் போனது.
வெள்ளைப் பெட்டை மட்டும் வாலில் ஒரு கொத்து.
எலி ஓடவில்லை. ஓட முடியவில்லை.
நடந்தே வேலியைத் தாண்டி
நேராகத் திம்மக்கா வீட்டுக் கேழ்வரகு மூட்டைப் பக்கம் போனது.

இப்போதெல்லாம் மூடும் முன்
தலையை உள்ளே விட்டுப் பார்க்கிறேன்.
சில நாள் குரல்கூடக் கொடுக்கிறேன்.
பீப்பாய் அதை
மாம்பழ வாசனையோடு திருப்பித் தருகிறது.

நேற்றுத் திம்மக்கா வந்தாள்.
கோணி ஊசி இருக்கிறதா என்று கேட்டாள்.
எடுத்துக் கொடுத்தேன்.
வேலிவரை போனவள் நின்று
உங்க ஃபேக்டரியில் எனக்கும் ஒரு பீப்பாய் சொல்லேன் என்றாள்.
சொல்றேன்க்கா என்றேன்.
சீசன் முடிந்து
பத்து நாள் ஆகிறது.