அதையும் நிறுத்து

அக்டோபரில் கிளம்பும் எங்கள் ஊர்க் காற்று.
புன்டா அரேனாஸில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருமுனையில் கயிறு கட்டிவைப்பார்கள்.
குப்பைத்தொட்டி பறக்கும், கார் கதவு கையோடு வரும்,
ஊரே திட்டும்.
நாங்கள் திட்டுவதில்லை.
தகரக் கூரையை அது இரவெல்லாம் உழுதால்தான்
டாங்கோ தூங்குவான்.
ஏழு மணிநேரம். ஒருமுறை எட்டு.
அந்தத் தேதியை யாஸ்னா
காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

இது ஜூன்.
காற்று ஊரைவிட்டுப் போய்விட்டது.
நீரிணையில் ஒரு படகின் விளக்கு
ஆணியில் மாட்டினாற்போல் அசையாமல் நிற்கிறது.
ஐந்தரைக்கே இருட்டி, காலை பத்துக்குத்தான் விடியும்.
இத்தனை நீள இரவில்
இவனுக்கு மட்டும் ஒரு மூலை கிடைப்பதில்லை.

வயது நாலு.
ஆட்டிசம் என்ற சொல்லை
சென்ற மார்ச்சில் ஒரு காகிதத்தில் வாங்கிவந்தோம்.
அதற்கு முன்பே தெரியும்,
சட்டையின் கழுத்துத் துணியை வெட்டி எறிந்தாலும்
வெட்டிய இடம் அவனைக் கடிக்கும் என்று.
உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் உடுத்துகிறான்.
தையல்கள் எல்லாம் உலகத்தைப் பார்த்தபடி.

இரண்டு மணி. எழுந்து உட்கார்ந்தான்.
"நிறுத்து" என்றான்.
அவனிடம் இருக்கும் பதினோரு சொற்களில்
அதிகம் உழைப்பது அதுதான்.

ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கினேன்.
பாலையும் மீனையும் ஜன்னலுக்கு வெளியே வைத்தேன்,
அங்கே மைனஸ் நாலு, கெடாது.
"நிறுத்து."
கூடத்தின் குழல்விளக்கை அணைத்தேன்.
அது பாடுகிறது என்று எனக்கு
அணைத்த பிறகுதான் தெரிந்தது.
"நிறுத்து."
கைக்கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி
அடுப்புக்குள் வைத்து மூடினேன்.
யாஸ்னா ஆட்டுரோம மெத்தையை இழுத்துவந்து
அவன்மேல் போட்டாள், பாதியில் தானும் படுத்தாள்,
பகல் முழுக்க அவன் கேட்கும் கனம் அதுதான்.
இன்றைக்கு அதுவும் எடுபடவில்லை. உதைத்துத் தள்ளினான்.

பிறகு என் மடிக்கு வந்தான், தானாக.
அப்படி அவன் வருவது அபூர்வம். மூச்சைக்கூடச் சுருக்கிக்கொண்டேன்.
காதை என் நெஞ்சில் வைத்தான்.
வைத்து, விலக்கி, ஒரு விரலால்
சரியாக அந்த இடத்தைத் தொட்டுச் சொன்னான்:
"நிறுத்து."

யாஸ்னா சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிக்கவில்லை.

அவனை அவளிடம் கொடுத்து வெளியே போனேன்,
வாசலுக்கும் அறைக்கும் நடுவே செருப்பு வைக்கும் இடுக்கில்.
கதவின் அடியில் இரண்டு விரல் சந்து.
குப்புறப் படுத்து வாயை அங்கே வைத்து
ஊதினேன்.
முதலில் எச்சில்தான் வந்தது.
உதட்டைக் குவித்து, தொண்டையைத் திறந்து, மெதுவாக,
வடமேற்கு எப்படி வரும் என்று யோசித்து யோசித்து
ஊதினேன்.
மூச்சு வாங்கும் இடம் தெரியக்கூடாது,
தெரிந்தால் "நிறுத்து" வரும்.
மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடுவதற்கு
ஊதி ஊதியே பழகினேன்.
நாற்பது வயதில், தரையில்,
கன்னத்தில் மண் ஒட்ட நான் ஒரு காற்று.

எப்போது தூங்கினான் தெரியாது.
கதவை லேசாகத் திறந்து யாஸ்னா
என் தலையில் கை வைத்தபோது ஐந்தேகால்.
போதும் என்று சைகை காட்டினாள்.
நிறுத்தப் பயமாக இருந்தது.
இன்னும் கொஞ்சம் ஊதினேன்,
சைக்கிளின் பின்னால் பிடித்த கையை
எடுத்த பிறகும் ஓடுவார்களே, அதுபோல.

ஆறரைக்கு நண்டுத் தொழிற்சாலை.
உதடு மரத்து, கப்பை விளிம்பில் பொருத்த முடியாமல்
காப்பி தாடையில் வழிந்தது.
பக்கத்தில் பாரியா கையுறையை மாட்டிக்கொண்டே
கொட்டாவி விட்டார், சுகமான கொட்டாவி.
"என்ன ராத்திரி அப்பா!
ஒரு பொட்டுக் காற்றில்லை.
குழந்தை மாதிரி தூங்கினேன்."