எழுபத்தெட்டு டிகிரி

வலது தொடை வீங்கியிருப்பதை
முதலில் பார்த்தவன் தில்பகதூர்.
எனக்கு எப்படித் தெரியும்,
தொப்புளுக்குக் கீழே நான்
தகவல் வராத ஊர்.

கொதிக்கிறது பய்யா, என்றான்.
ரத்தக்கட்டோ என்று ஜெல் தடவித் தேடினார்கள்.
இல்லை.
ஊசி, ரத்தம், மறுபடி ரத்தம், பிறகு எக்ஸ்ரே.

சோஹார் ஆஸ்பத்திரியின் வெளிச்சப் பெட்டியில்
இடுப்பு மூட்டுக்கு முன்னால்
பிய்த்துப் போட்ட பஞ்சாய் ஒரு வெள்ளை.
எலும்பு என்றார்கள்.
சதைக்குள் எலும்பு வளர்கிறது,
தண்டுவடம் அடிபட்டவர்களில் சில பேருக்கு வருமாம்.
ஏன், என்று கேட்டேன்.
டாக்டர் தோளைக் குலுக்கினார்.
தோளைக் குலுக்க முடிகிறதே என்று
கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூசுக்கு,
முழு உடம்பையும் தூக்கிப் போட்டுப் போட்டு
என் தோள் ரெண்டும் இரவில் தனியாக முனகுகின்றன.

பதினொரு வருஷம் கம்பி வளைத்தவன் நான்.
தூணின் தலையில்
அடுத்த மாடிக்கென்று கம்பியை நீட்டி விடுவோம்.
மாடி வரும்; வராமலும் போகும்.
கம்பி துருவேறி வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும்.
எந்த மேஸ்திரி சொல்லி
எந்த மாடிக்கு நீட்டுகிறது இந்த உடம்பு?

ரய்யா அல் பலூஷி
மாலை நாலு மணிக்கு வருவாள்.
இருளப்பன் என்ற பெயரின் ளகரத்துக்கு
அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது.
முழங்காலுக்கு அடியில் ஒரு கை,
குதிகாலில் ஒரு கை,
தூங்கும் பிள்ளையை இடம் மாற்றுவதுபோல
காலை நெஞ்சுப் பக்கம் கொண்டுவருவாள்.
ஓரிடத்தில் நின்றுவிடும்,
கதவுக்குப் பின்னால் யாரோ பீரோவை நகர்த்தி வைத்த மாதிரி.
அங்கேயே முப்பது எண்ணுவாள், அரபியில்.
பிளாஸ்டிக் கோணமானியை இடுப்பில் பொருத்தி
நோட்டில் எழுதுவாள்.
ஐம்பத்தைந்து.
அறுபத்திரண்டு.
அறுபது.
ஒரு வாரம் முழுக்க அறுபது.

அமுக்குங்க, எனக்குத்தான் வலிக்காதே, என்றேன்.
அவள் இந்தி எனக்குப் புரியும்:
வலிக்காது என்பதால்தான் அமுக்க மாட்டேன்.
உள்ளே கிழிந்தால்
இன்னும் எலும்பு கட்டும்.

வளைத்த கம்பியைத் திருப்பி நிமிர்த்தாதே என்று
சைட்டில் எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்.
மேலே ஒன்றும் தெரியாது;
உள்ளே கீறல் விட்டிருக்கும்.
வாயை மூடிக்கொண்டேன்.

கம்பெனியின் பி.ஆர்.ஓ. ஒரு தாளோடு வந்தார்.
உட்கார்ந்து போனால் ஒரு டிக்கெட்.
படுத்துப் போனால் ஸ்ட்ரெச்சர்,
ஒன்பது சீட்டுக்குக் காசு.
கம்பெனி தருவது ஒன்றுக்கு.
உட்கார முடியுமா? ஆம், இல்லை,
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம்.
இரண்டுக்கும் நடுவில் ரய்யா எழுதினாள்:
எழுபத்தெட்டு.

எண்பதென்று போடுங்க.
ரெண்டு டிகிரியெல்லாம்
கான்கிரீட் விழுங்கிவிடும்.

அவள் போடவில்லை.
இரண்டு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டு
வழுக்குப் பலகையில் என்னை நகர்த்தி உட்காரவைத்தாள்.
முதுகுக்குப் பின்னால் மடித்த துண்டு.
முன் நாற்காலி முழங்காலில் இடிக்கிறதா?
அதை நீதான் பார்த்துச் சொல்லணும், என்றேன்.
குனிந்து பார்த்தாள். நாலு விரல் இடைவெளி.

சீட்டைப் பின்னால் சாய்த்தால் போதும்,
மஸ்கட்டிலிருந்து சென்னை வரை தாங்கும் என்றாள்.
ஏறும்போதும் இறங்கும்போதும்தான்
நிமிர்த்தச் சொல்வார்கள், அங்கேதான் சிக்கல்.
நடுவானில் ஒன்றுமில்லை.

மறுபடி கட்டிலில்,
கால் அவள் கையில் இருக்கும்போது சொன்னேன்:
மூணாவது மாடியிலிருந்து வந்தபோதும்
நடுவானில் எனக்கு ஒன்றுமில்லை.

புரியவில்லை அவளுக்கு.
வினைச்சொல்லை மாற்றித் திரும்பச் சொன்னேன்.
எண்ணிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டாள்.
பதினேழோ, பதினெட்டோ.
காலைக் கீழே வைக்காமல்
சற்று நேரம் நின்றாள்.
பிறகு முதலிலிருந்து:
வாஹித்.